பயோடேட்டா

கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடையில்
ஒரு பக்கம் அடிக்க முப்பது ரூபாய்.
எண்ணெய்க் கம்பெனித் துணைத் தலைவரானாலும்
அதே முப்பதுதான்.

ராஜையன் சார் டிசம்பர்தோறும் வருவார்.
காகித நட்சத்திரம் வாங்க நிற்கும் கூட்டத்தை விலக்கி
பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு
நான் தயாரித்து வைத்த பையன்மாரின் தாள்களைப்
பென்சிலோடு படிப்பார்.

"கடின உழைப்பாளி. இதை அடி.
நேர்மையானவன். இதையும் அடி."
அவருக்கு அடிப்பது என்றால் நீக்குவது,
எனக்கு அடிப்பது என்றால் எழுதுவது.
முதல் வருஷம் ஒவ்வொரு தாளிலும்
இரண்டு நேர்மையானவர்கள் இருந்தார்கள்.

"எந்தப் பாலத்துல சாரம் கெட்டினான்?
எத்தனை அடி உயரம்?
அதைப் போடு பிள்ளே."

அப்படித்தான் மிடாலத்து ஷாஜின் போனான்.
குறும்பனை சூசைமிக்கேல்,
வள்ளத்தில் கயிறு முடிந்த கையோடு
ரிக்கராகப் போனான்.
ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் இல்லை,
வீட்டுப் பத்திரம் பேங்கில் உறங்கவில்லை.

என் கொழுந்தனை மட்டும்
இரண்டு தடவை தள்ளிவிட்டார்.
"ஏணியில நிக்கும்போ கால் விறைக்குது, வேண்டாம்."
அந்த வருஷம் முழுக்க
நான் அவருக்கு டீ வரவழைக்கவில்லை.

இந்தத் தடவை ஜூலையில் வந்தார்.
கார் இல்லை. குடையின் ஒரு கம்பி ஒடிந்திருந்தது.
"எனக்கு ஒண்ணு அடிக்கணும்."

எதற்கு என்று கேட்பது
என் கடையில் வழக்கமில்லை.

1983. தொட்டி அளப்பவர்.
பித்தளைக் குண்டு கோர்த்த நாடாவை
மேலிருந்து இறக்கி, எடுத்து,
ஈரம் எதுவரை என்று வாசிக்கும் வேலை.
1992. ஷிப்ட் மேற்பார்வை.
2004. மேலாளர்.
2015. துணைத் தலைவர்.
நாற்பது வருஷம்
என் திரையில் நாலு விரற்கடை.

அடுத்த கட்டம்: விலகியதற்கான காரணம்.
தகர ஷீட்டில் மழை கொட்டியது.
கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் தொட்டி.
கழுவ இறங்கிய பெர்வின் ஏறி வரவில்லை.
அவன் தாளும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது,
வயது இருபத்தாறு, மூச்சுக் கோளாறு இல்லை.
'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று
மேலிடத்தில் அடித்தே வந்தது அறிக்கை,
கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
அடித்து வந்த வரியை
அவர் அடித்தார்.
பென்சிலால் அல்ல.
பக்கத்தில் எழுதினார்:
வாயு அளக்கப்படவில்லை.
அளக்காமல் இறக்கியது நாங்கள்.

"அதொண்ணும் போடாண்டாம்" என்றார்.
"காரணம் காலியா கெடக்கட்டு."

கடைசியாக, பரிந்துரைப்போர் மூன்று பேர்.
பிஷப் யாராவது வருவார், ஏதாவது சேர்மன் வருவார் என்று
பெரிய எழுத்துக்கு விரலை வைத்திருந்தேன்.

"ஷாஜின், மிடாலம்.
சூசைமிக்கேல், குறும்பனை."
பிறகு குடையைப் பார்த்தபடி
"லீதியாள், பாலப்பள்ளம்.
பெர்வினுக்க அம்மை."

"அவங்ககிட்ட கேட்டாச்சா சார்?"

"இங்கேருந்து அங்கயாக்கும் போறேன்."

பிரிண்டர் இரண்டு தாள் துப்பியது.
இரண்டாவதில் ஒரே வரி,
லீதியாள் மட்டும்.
எழுத்தைச் சின்னதாக்கினால்
ஒரே பக்கத்தில் அடங்கும் சார் என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டி
அறுபது ரூபாய் எண்ணி வைத்தார்.