முன் சீட்டு

ஞாயிற்றுக்கிழமையும் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
அலாரத்தை நேற்றே அமுக்கிவிட்டேன்,
உடம்புக்கு யார் சொல்வது.
கை தானாகப் போய் தூக்குவாளியைத் தேடுகிறது,
கவிழ்ந்து கிடப்பதைத் தொட்டுப் பார்த்துத்
திரும்பி வருகிறது.

ஐந்தாகிறது. தெருவில் ஹாரன் இல்லை.
ஆறு நாளும் மொக்கராசு மூன்று தரம் அடிப்பான்,
மூன்றாவதுக்குள் ஏறாதவளுக்கு
அன்றைக்குக் கூலி இல்லை.

பதினாறு பேர் ஒரு ஜீப்பில்.
என் முழங்காலுக்குள் வீருத்தாயின் முழங்கால்,
அவள் தோளில் வேறொருத்தியின் தூக்கம்.
கம்பம்மெட்டு ஏறும்போது
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
மொத்தமாகச் சாய்வோம், மொத்தமாக நிமிர்வோம்.
யாருடைய வாந்தி என்று யாரும் கேட்பதில்லை.

மேலே, கேரளத்து ஏலத்தோட்டம்.
இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு
குத்தவைத்து, தூரோடு படர்ந்த சரத்தில்
முற்றினதை விடாமல், பிஞ்சைத் தொடாமல்
விரலுக்குக் கண் வைத்து நுள்ள வேண்டும்.
அட்டை கடித்தது சாயங்காலம்தான் தெரியும்,
பாவாடையில் ரத்தம் பார்த்து.

நாலு மணிக்கு சூப்பர்வைசர் ஷிபு
"மதி" என்பான்.
போதும் என்று அர்த்தம், அவர்கள் பாஷையில்.
வந்த புதிதில் நான்
வானத்தைப் பார்த்தேன்.

ஞாயிறு ஓய்வு என்று பேர்.
ஆறு நாள் துணி. குழுக் கடனுக்குக் கையெழுத்து.
பவித்ரா தலையில் பேன்.
ஒரு மணி நேரம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீர்,
அதற்குள் ஒரு சண்டை.
பத்து மணிக்கே
புதன்கிழமை போல அலுத்துவிட்டது.

அரைக் கிலோ கறி வாங்கித் திரும்பும்போது பார்த்தேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது, ஆளில்லாமல்.
மொக்கராசு சக்கரத்தில் ஒட்டிய மலை மண்ணை
டியூப் வைத்து அடித்துக்கொண்டிருந்தான்.

"முன்னாடி கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"
"எங்கக்கா போகணும்?"
"எங்கயும் இல்ல."
டியூபை மடக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்த்தான், கறிப் பையைப் பார்த்தான்.
கதவைத் திறந்துவிட்டான்.

எட்டு வருஷமாக இதில் போகிறேன்.
முன்னால் எப்போதும் கங்காணி, கங்காணியின் மச்சான்,
இன்னும் இரண்டு பேர்.
கண்ணாடி இவ்வளவு அகலம் என்று
எனக்குத் தெரியாது.
மலை முழுசாக இருந்தது அதில்,
அடியிலிருந்து உச்சி வரை, மேகத்தோடு.
பின்னால் இருப்பவளுக்கு மலை என்பது
எதிரே இருப்பவளின் முகம்.

காலை நீட்டினேன்.
எதிலும் இடிக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.
வேகம் காட்டும் முள் சைபரில் படுத்திருந்தது,
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூரைத் தகரத்தில் தண்ணீர் விழுந்தது,
தோட்டத்துக் கொட்டகையில் மழை விழுகிற அதே சத்தம்.
எழுந்து ஓட வேண்டியதில்லை,
பையில் ஈ உட்கார்ந்தது,
அதையும் விரட்டவில்லை.

தூங்கினேனா என்று கேட்டால் தெரியாது.
அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.
"மதியமாச்சு. கறி எங்க?"
"மதியமாச்சு, சரி.
இன்னும் மதியாகல."
திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்,
அந்தப் பாஷை தெரியாது.
பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அவரே வைத்த குழம்பு. உப்பு தூக்கல்.
ஒன்றும் சொல்லாமல்
இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள், ஐந்து மணி.
இரண்டாவது ஹாரனுக்கே ஏறிவிட்டேன்.
நாலாவது வளைவில் வீருத்தாயிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"வர்ற ஞாயித்துக்கெழம நானும் வரவா?" என்றாள்.
"வா, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."
கொஞ்ச தூரம் போனபிறகு
உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.
"ஆனா காலை நீட்ட முடியாது."

அவள் பதில் சொல்வதற்குள்
அடுத்த வளைவு வந்துவிட்டது.
சாய்ந்தோம்.