நாற்பத்திரண்டாம் கேள்வி

அபர்டீன் நூலகத்தின் பின்னறை. சன்னலில் கடற்பனி.
பதினோரு வயதில் எழுதிய அதே தாளை
எழுபத்தேழில் மறுபடி நீட்டி
ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

ஜெஸ்ஸி வாட் முதல் பக்கத்தைப் பார்க்கவேயில்லை.
விரல் இறங்கி இறங்கி
நாற்பத்திரண்டில் நின்றது.
‘இங்கேதான் பென்சில் முனை ஒடிந்தது.
வேறு கேட்டு வாங்குவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.
யார்மத் வரைக்கும் போய் ஹெர்ரிங் அறுத்தேன்,
நிமிடத்துக்கு நாற்பது.
கை மீனை அறுக்கும்,
தலையை இது அறுக்கும்.’

எழுதினார். ஒரே சொல்.
பென்சிலை வைத்துவிட்டார்.

‘மற்றவை?’

‘அதெல்லாம்தான் அப்போதே எழுதிவிட்டேனே.’

இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.
அவர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி ஒன்று.
சராசரியைக் கெடுக்கப்போகும் ஒன்று.