மூன்றாவது சுற்றில் விட்டுவிடு

அந்த மேப் விழுந்தால் எல்லோரும் முனகுவார்கள்.
சாயப்பட்டறை. இரண்டு மாடி, ஏழு ஜன்னல்,
எண்ணிப் பார்த்தால் பதினொரு பலகை,
நடுவில் ஒரு தொட்டி.
அதைச் சுற்றி ஆயுள் முழுக்க ஓடலாம்,
பிடிபடாமல்.

இன்றைக்குப் பேய் நான்.
உட்லண்ட்ஸ், பதின்மூன்றாம் மாடி, இரவு பதினொன்றரை.
காற்றாடி முழு வேகத்தில். மேசையில் ஆறிய மைலோ.
அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு
என் புருஷன் பூவரசன்
என்னிடமிருந்து தப்பிக்கத் தயாராகிறான்.
ஹஃபீஸா பாசிர் ரிஸ்ஸில். காய் செங் பொங்கோலில்.
நாலாவது ஆள் யாரோ, பெயர் வெறும் எண்கள்.

ரொம்ப நாள் நான் செய்த தவறு,
கண்ணில் பட்டவனைத் துரத்தியது.
தொட்டியை ஒரு சுற்று, இரண்டு சுற்று.
அவன் பலகையைத் தள்ளுவான், நான் உடைப்பேன்,
உடைக்கிற நேரத்தில் ஜன்னல் தாண்டியிருப்பான்,
நான் வெறியில் பின்னாலேயே.
அதற்குள் தூரத்தில் ஒவ்வொன்றாய் விளக்கு எரியும்.
ஆறாவது எரிந்தால் வாசல் திறந்துவிடும்.
ஒருத்தனைப் பிடிக்கப் போய்
மொத்தத்தையும் கோட்டைவிட்ட பேய்.

பகலில் எனக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை.
வீவக புளோக்குகளை உள்ளிருந்து தெரிந்தவள்.
பழைய புளோக் என்றால் நீள நடைவழி,
இரு முனையிலும் படிக்கட்டு, நடுவில் ஒளிய இடமில்லை.
புதியது என்றால் நாலு வீடு, ஒரு முடுக்கு,
திரும்பினால் யாருடைய சைக்கிளிலாவது இடிப்பாய்.
இரண்டிலும் ஒரே மாதிரி நடக்க முடியாது
என்று காலுக்குத் தெரிந்திருந்தது.
கைக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது.

இப்போது மூன்றாவது சுற்றில் விட்டுவிடுகிறேன்.
மாடியை மறந்துவிடுகிறேன்;
மேலே உள்ள இரண்டு விளக்கும் அவர்களுக்கே.
கீழே கிழக்கு மூலையில் நெருக்கமாய் மூன்று,
அதுதான் என் பேட்டை.
என் கண்ணின் சிவப்பு எனக்கு முன்னால் சுவரில் விழும்,
அதனால் முடுக்குகளில் பின்பக்கமாய் நடக்கிறேன்.
ஆளில்லாத நேரத்தில் போய்ப் பலகையை உடைப்பது
வீண்வேலை போலத்தான் இருக்கும்.
பத்து நிமிடம் கழித்து அதை நம்பி ஓடிவருகிறவன்
முகத்தைப் பார்க்க வேண்டும்.
முகம் தெரியாது. ஆனாலும்.

ஆனால் சுவர்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர்.
பூவரசன் இடப்பக்கம் திரும்பினால் அவன் நாற்காலி கிறீச்சிடும்.
உடம்போடு சேர்ந்து திரும்புகிற ஆள்.
அந்தச் சத்தம் ஹெட்ஃபோனில் வராது.
முதல் மாதம் அதைக் கேட்டே
நாலு முறை அவனைப் பிடித்தேன்.
எப்படி, என்று கேட்டான்.
மேப்பைப் படி, என்றேன், ஏதோ பெரிய ஞானி போல.
பிறகு வெட்கமாக இருந்தது.
அன்றிலிருந்து காது கூசுகிற அளவுக்கு
ஒலியைக் கூட்டிக்கொண்டு ஆடுகிறேன்.

இன்று ஐந்து விளக்கு எரிந்துவிட்டது.
மிச்சம் ஒன்று, என் பேட்டையில்.
அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.
தொட்டிக்குப் பக்கத்தில் பூவரசன்,
காயத்தோடு, நொண்டி நொண்டி,
ஒரு அடி கொடுத்தால் விழுந்துவிடுவான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
விட்டுவிடு, விட்டுவிடு, என்று எனக்கே சொல்லிக்கொண்டு
நாலாவது சுற்றுக்குள் போனேன்.
கை தானாகப் போய் ஒலியைக் குறைத்தது.

கிறீச்.

இடப்பக்கம் பாய்ந்தேன்.
அங்கே சாயம் உரிந்த வெற்றுச் சுவர்.
அவன் வலப்பக்க ஜன்னலைத்
தாண்டிக்கொண்டிருந்தான், நிதானமாக.
நான் சுவரை முறைத்த அந்த மூன்று நொடியில்
ஹஃபீஸா ஆறாவதைக் கொளுத்தினாள்.

நால்வரும் போய்விட்டார்கள்.
எண்பெயர்க்காரன் மட்டும் வாசலில் நின்று
இரண்டு முறை குதித்துக் காட்டிவிட்டுப் போனான்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
அந்தப் பக்கம் சிரிப்பில்லை, பேச்சில்லை.
நாற்காலியை மட்டும் மெதுவாக, வேண்டுமென்றே,
இன்னொரு முறை
அசைத்தான்.