மிளகளவு நண்டு

கம்பாடோஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
வலைக்கிடங்கும் டயர் கடையும் தாண்டி
எங்கள் டப்பா ஆலை.
கீழே பன்னிரண்டு பெண்கள் சிப்பி அடுக்குகிறார்கள்.
மாடியில் நான் ஒருத்தி
பொய் அடுக்குகிறேன்.

பொய் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
படத்துக்கென்று தனியாக ஒரு டப்பா.
ஆறே ஆறு சிப்பி, கட்டைவிரல் பருமன்,
மேலே தூரிகையால் தடவிய கிளிசரின்,
வெட்டிய எலுமிச்சை,
எலுமிச்சைக்கு மேல் ஒரு விளக்கு.
அடியில் நான் எழுதுவது:
'இன்று காலை உங்களுக்காகக் கடல் கண்விழித்தது.'
எழுதும்போது மணி இரவு பதினொன்று.
வெளியே கடல் மழையில் சேறாகக் கிடந்தது.

சரகோசாவிலிருந்து எலாதியோ பர்ராச்சினா
ஒரு படம் போட்டார்.
எங்கள் டப்பா, எங்கள் லேபிள்,
சிறிதும் பெரிதுமாகப் பதினான்கு சிப்பி,
முள்கரண்டி நுனியில்
மிளகளவு நண்டு.
'இது யார்?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

முதலாளி ப்ரெய்ஷோ மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.
அழி என்றார். அழித்தேன்.
மறுநாள் மீண்டும் போட்டார். அழித்தேன்.
மூன்றாம் நாள் நண்டுக்குப் பக்கத்தில்
ஒரு நாணயம் வைத்திருந்தார், அளவு தெரிய.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு.
மிளகளவு நண்டை மறைக்க
எனக்கு ஒரு கடல் போதவில்லை.

கீழே போனேன்.
நான்காம் மேசை டோரிண்டா போனை வாங்கி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூடியிலிருந்த எண்ணைப் படித்தாள்.
"என் டப்பாதான். வியாழக்கிழமை.
சிப்பிக்குள் குடியிருக்கிற நண்டு இது,
வாடகை தராது. தின்றால் ஒன்றும் ஆகாது.
ஆனால் நான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும்."

படம் பிடிக்கட்டுமா?
"கை கழுவிவிட்டு வருகிறேன்."
வேண்டாம், அப்படியே சொல்லுங்கள்.
சொன்னாள். சிரிக்கவில்லை.
பின்னால் நீராவி இரைந்தது, யாரோ தும்மினார்கள்.
நாற்பத்தொரு நொடி.
ப்ரெய்ஷோவைக் கேட்காமல் போட்டேன்.

அன்றிரவு முந்நூறு பேர் விலகிப் போனார்கள்.
'உவ்வே' என்றார் விகோவிலிருந்து ஒருவர்.
பிறகு கேள்விகள் வந்தன.
படத்தில் ஆறு, டப்பாவில் ஏன் பதினான்கு?
போன வருடத்தைவிட ஏன் எண்பது சென்ட் கூட?
கடல் சிவக்கும் பருவத்தில்
அந்தப் பெண்களுக்குச் சம்பளம் உண்டா?
தெரிந்ததை எழுதினேன்.
தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன்.
மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை
முதல்முறை தட்டுகிறேன்,
விரல் எழுத்தைத் தேடியது.

விற்பனை ஏறியதும் ப்ரெய்ஷோவுக்கு ஒரு யோசனை.
"வியாழன்தோறும் ஒரு தவறு!
டோரிண்டாவை இன்னொரு முறை சொல்லச் சொல்,
நல்ல வெளிச்சத்தில்.
தும்மலும் இருக்கட்டும்,
தும்மல் பிரமாதம்."

விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
டோரிண்டா தலை நிமிரவில்லை.
"அன்றைக்குத் தெரியாமல் விட்டேன். சொன்னேன்.
இன்றைக்குத் தெரிந்தே விட்டால்
அதற்கு வேறு பெயர்."
கைகள் நிற்கவில்லை.
பதினொன்று, பன்னிரண்டு,
ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள்,
பதின்மூன்று.

அந்த வியாழன் எங்கள் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.
ப்ரெய்ஷோ இரண்டு முறை மாடியை எட்டிப் பார்த்தார்,
ஒருமுறை இருமினார்.
சாயங்காலம் எலாதியோ எழுதினார்:
'ஆறு டப்பா வந்து சேர்ந்தது.
நண்டு இல்லை. தேடிப் பார்த்தேன்.'

விளக்கு திரும்ப மாடிக்கு வரவில்லை.
நான்காம் மேசைக்கு மேல் கம்பியில் தொங்குகிறது.
அங்கே வெளிச்சம் போதவில்லை என்று
டோரிண்டா ஐந்து வருடமாகச்
சொல்லிக்கொண்டுதான் இருந்தாளாம்.