வட்டத்துக்குள் கருவி: 1

டவர் சாய்ந்து மூன்றாம் நாள்.
மூதூர் வள்ளம் கட்டும் ஜெட்டிக்கு எதிரே
பூட்டிக் கிடக்கிற ஐஸ்கிறீம் கடைத் தாழ்வாரத்தில்
நிற்கிறேன்.
ஒருவரையும் பார்த்து அல்ல.

பார்மசி றிஸ்மியா ஞாயிறு இரவு எழுதினது:
"இன்சுலின் இருக்கு. ஐஸ் பெட்டியில வெச்சிருக்கன்.
பள்ளி ஒழுங்கை, நீலக் கேற்.
எந்த நேரமும் தட்டுங்க."

அது எந்த ஆகாயத்திலும் இல்லை.
ஜெட்டியைச் சுற்றி இருநூறு மீற்றர்,
அதற்குள் யாருடைய போன் வந்தாலும் ஏறிக்கொள்ளும்.
ஆள் வெளியேற, உதிரும்.
"சொறி தொத்துற மாதிரித்தான்" என்றான் கஜரூபன்,
எல்லாருக்கும் அந்தச் செயலியை ஏற்றிவிட்டவன்.

திங்கள் காலை நாற்பத்தொரு கருவி.
பாண் வரிசையில் நின்ற பலருக்குத் தெரியாது
தங்கள் சட்டைப்பையில் ஒரு மருந்து கிடக்கிறதென்று.
நேவிப் பையன் ஒருவன்
தமிழ் வாசிக்கத் தெரியாமலே
மத்தியானம் வரை அதைச் சுமந்து நின்றான்.
பிறகு தண்ணீர் வடிந்தது, ஆட்களும் வடிந்தார்கள்.
பன்னிரண்டு. ஐந்து.
மீன் லொறிக்காரரின் போன் செத்ததும்
வட்டத்துக்குள் கருவி: 1.

எனக்குச் சீனி வருத்தம் இல்லை.
றிஸ்மியாவோடு பெரிதாகக் கதைத்ததும் இல்லை.
மிச்சக்காசுக்குப் பதில் ஒருமுறை ரொபி தந்தாள்,
முறைத்துவிட்டு வந்தேன்.
வீட்டில் முழங்காலளவு சேறு, அள்ள வேண்டும்.
ஆனால் தபால்கந்தோர் வளைவைத் தாண்டினால்
ஒரு சத்தமும் இல்லாமல்
அந்த நீலக் கேற் ஊரிலிருந்தே மறைந்துவிடும்.

கரித்துண்டால் சுவரில் எழுதியும் பார்த்தேன்.
மழை வாசித்துவிட்டுப் போயிற்று.

கோட்டைப் பக்கமிருந்து ஒரு புள்ளிமான் வந்து
என் பையை மணந்து பார்த்தது.
உன்னிடம் ஒரு போன் இருந்தால்
உன்னை நிற்க வைத்துவிட்டுப் போயிருப்பேன், என்றேன்.
நனைந்த அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டே போனது.

சார்ஜ் பத்தொன்பது வீதம்.
பதினொன்று.
திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.
ஏழு.
நேரம் பார்ப்பதையும் விட்டேன்.

இருட்டுக்குள் எஞ்சின் சத்தம்.
படங்கு மூடிய வள்ளம் ஒன்று,
உள்ளே எத்தனை பேர், யாருக்கு என்ன வருத்தம்,
ஒன்றும் தெரியவில்லை.
ஜெட்டிக்கு இன்னும் ஐம்பது முழம் இருக்கையில்
என் கைக்குள் ஒரு சின்ன அதிர்வு.

கருவி: 2.

படங்குக்கு அடியில்
ஒரு முகம் மட்டும் வெளிச்சமாகி
குனிந்தது.
யாரோ கயிற்றை எறிந்தார்கள்.
போனைப் பைக்குள் போட்டுவிட்டு
இரண்டு கையாலும் பிடித்தேன்.