கணக்கில் உள்ள மீன்

உக்கடத்தில் வாங்கினேன்.
ஆயிரத்து எண்ணூறு. பேரம் படியவில்லை.
தலைப்பக்கம் ஊதா, வால்பக்கம் மஞ்சள்,
எங்கே சேர்கிறதென்று சொல்ல முடியாத ஓரிடம் நடுவில்.
எந்தக் கடல் என்று கேட்டேன்.
"மெட்ராஸ்லேர்ந்து வருதுங்க" என்றான் கடைக்காரன்.

பேருந்தில் மடியில் பை.
மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும்
பின்னிருக்கைக் குழந்தை வாந்தியெடுத்தது.
பைக்குள் தண்ணீர் இடமும் வலமும் சாய
மீன் மட்டும் சாயாமல்
நின்ற இடத்தில் நின்றது.

கட்டபெட்டு வந்து
தொட்டிக்குள் விட்ட கையோடு
பாறை இடுக்கில் நுழைந்தது.
அவ்வளவுதான்.

நான்கு நாள். பதினோரு நாள்.

தேயிலைத் தொழிற்சாலையில் என் வேலை
கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கெழுதுவது:
வாடும் இலை இழந்த ஈரம் எத்தனை சதவீதம்,
ஈரக் குமிழில் எவ்வளவு, உலர் குமிழில் எவ்வளவு.
வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டேன்.
உப்பு சரி. வெப்பம் இருபத்தைந்து.
இரவு போட்ட இறால் துணுக்கு ஆறு,
காலையில் மிச்சம் இரண்டு.
நான்கைத் தின்றது யார்?
நண்டாக இருக்கலாம். நத்தையாகவும் இருக்கலாம்.
மீன் என்றே எழுதினேன்.

வீட்டுக்காரர் பெல்லி
மீட்டர் பார்க்க வரும்போதெல்லாம்
தொட்டிமுன் குனிந்து, கண்ணாடியில் மூச்சுப் படிய,
"எங்கம்மா?" என்பார்.
"உள்ளே இருக்குங்க."
மனைவியிடம் படுக மொழியில் ஏதோ சொன்னார்.
எனக்குப் புரிந்த ஒரே சொல், ஹீட்டர்.
இருவரும் சிரித்தார்கள்.

மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு ரெஜினா வந்தாள்.
விளக்கைப் போட்டாள்.
விரல் கணுவால் கண்ணாடியைத் தட்டினாள்.
"தட்டாதே" என்றேன்,
இருவருமே திடுக்கிடும் அளவுக்குச் சத்தமாய்.

மஞ்சூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
காரில் வந்தவர்களுக்குக் காபி ஆறிக்கொண்டிருக்க,
என் அறைக்கதவையும் இப்படித்தான் தட்டினார்கள்.
முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால்.
நான் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதில் பெயிண்ட் உரிந்த இடத்தை.
அது வேறு கதை.

ஐப்பசியில் மரம் விழுந்து கம்பி அறுந்தது.
பேட்டரியில் காற்றுக்குழாய் ஓடும்; சூட்டுக்கு வழியில்லை.
இருபத்து நான்கு. இருபத்து மூன்று.
தொட்டியைச் சுற்றிக் கம்பளியைக் கட்டினேன்.
அடுப்பில் தண்ணீர் காய்ச்சி
சோடா பாட்டிலில் அடைத்து மிதக்கவிட்டேன்.
ஆறியதை எடுத்து, சுட்டதைப் போட்டு,
மறுபடி ஆறியதை எடுத்து.
மழை தகரத்தில் விழுந்தபடி இருந்தது.
கடலைப் பார்த்ததே இல்லை நான்.
அறுபது லிட்டரை வைத்துக்கொண்டே இந்தப் பாடு.

மூன்று மணிக்கு வெப்பமானி பார்க்க
டார்ச்சைப் பொருத்தினேன்,
தீபாவளி ஸ்வீட் பெட்டியின் சிவப்புத் தாளை
முகப்பில் சுற்றி.

இருந்தது.

பாறையின் அடிக்கூரையை ஒட்டி
வயிறு மேலே, முதுகு கீழே,
தலைகீழாக.
தடுமாறவில்லை. அதற்கு அதுதான் தரை.
சிவப்பு ஒளியில் ஊதாவும் இல்லை, மஞ்சளும் இல்லை,
கரியில் செய்ததுபோல் ஒரு மீன்.
மெலிந்திருக்கவில்லை.
வால்நுனியில் ஒரு கிழிசல், ஆறிப்போயிருந்தது.
எப்போது கிழிந்தது, எப்போது ஆறியது?
என் நோட்டில் இல்லை.

என்னைப் பார்த்ததா, தெரியவில்லை.
டார்ச்சைப் பிடித்த கை வலித்தும்
அசைக்கவில்லை.
பாட்டில் ஆறிக்கொண்டிருந்தது.
எழுந்தால் போய்விடும், எழாவிட்டால் குளிரும்.
கொஞ்ச நேரம் எழவில்லை.
பிறகு எழுந்தேன்.

ஐந்துக்கு முன்பே கரண்ட் வந்தது.
பிரிட்ஜ் உறுமியது, தெரு வெளுத்தது,
தொட்டி விளக்கு தானாக எரிந்தது.
பாறையும் மணலும்
மிதக்கும் சோடா பாட்டிலும் மட்டும்.

விளக்கை அணைத்தேன்.
ஹீட்டர் பொத்தான் சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தேன்.
நோட்டில், வெப்பம் இருபத்தொன்று,
உப்பு மாற்றமில்லை,
துணுக்கு போடவில்லை.
அடுத்த வரியில் தேதியை எழுதி
அப்படியே விட்டேன்.

அன்று மாலை பெல்லி வந்தார்.
"எங்கம்மா?"
"உள்ளே இருக்குங்க" என்றேன்,
முன்பு சொன்ன அதே குரலில்.