பதினொன்று ஐம்பத்தொன்பது

மூன்று தளங்களில் ஒன்றை
வெள்ளிக்கிழமைக்குள் தெரிவு செய்யச் சொன்னார்கள்.
முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா, கலப்பு முறை:
சனிக்கிழமை ஹட்டனில், நேரில்.
மற்ற நாட்களில் கைப்பேசியில்.

மழை ஒழுகும் மூலைக்கு வாளி வைத்துவிட்டு
கூட்ட அறையில் உட்கார்ந்தோம்.
திலின புரொஜெக்டரை இரண்டு தட்டுத் தட்டினான்.
சுவர் நீலமானது.

முதலாவது கண்ணுக்கு நல்லது.
பாடம் முடித்தால் வட்டம் நிரம்பும்,
வண்ணக் காகிதம் பறக்கும்.
தமிழும் உண்டு என்றார்கள்.
உண்டுதான்.
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்,
நடுவில் ஆளில்லாத ஒரு ககரம்.
'கொழுந்து' என்று தட்டிப் பார்த்தேன்.
மாடு புகுந்த நிரைபோலக் கிடந்தது.

இரண்டாவது இலவசம்.
இலவசம் என்றதும்
நஸ்மியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கணக்குப் பகுதியில் பதினாறு வருடம் இருந்தவர்.
பதிவுப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர்,
இரண்டும் கட்டாயம்.
எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெயர்,
அதற்கு முன்னால் அப்பா பெயர்,
அடையாள அட்டையில் அதுவும் எழுத்துப் பிசகி.
குடும்பப்பெயருக்குப் புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை.
கோடு போட்டேன், ஏற்கவில்லை.
'லயம்' என்று எழுதினேன்.
வருக, லயம் அவர்களே, என்றது.
திலின சிரித்தான்,
பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மூன்றாவது சாம்பல் நிறம்.
கச்சேரியின் பின்கதவுபோல
எங்கே தள்ளினால் திறக்கும் என்றே தெரியாது.
ஒவ்வொரு பாடமும் நான்கு எம்.பி.
ஒருதரம் இறக்கினால் போதும்,
சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

நான் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
ஒப்படைக்கும் நேரத்தை மாற்ற முடியுமா?
பதினொன்று ஐம்பத்தொன்பதை.

ஏன், என்றார் பணிப்பாளர்.

டயகமவிலிருந்து வந்த புவிராணியைச் சொன்னேன்.
நாலரைக்கு நிறுவை முடியும்.
கைப்பேசி புருஷனோடு ஓட்டோவில் ஊர் சுற்றி
ஒன்பதுக்கு வீடு வரும்.
பத்துக்குள் எழுதி முடித்துவிடுவாள்.
ஆனால் பகல் டேட்டா மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும்,
இரவு டேட்டா பன்னிரண்டுக்குத்தான் திறக்கும்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடு சிக்னல்.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
பன்னிரண்டு அடிக்கக் காத்து நின்றிருக்கிறாள்.
பன்னிரண்டு நாலுக்கு அனுப்பினாள்.
சிவப்பில் விழுந்தது: தாமதம்.

அவளுடைய கட்டுரையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.
தலைப்பு, மூன்று வயதுப் பிள்ளையும் மண்ணும்.
பூச்சியம் போட்டேன்.
சோம்பல் என்று நினைத்தேன்,
நினைத்ததை அலுவலகத்தில் நாலு பேருக்குச் சொல்லவும் சொன்னேன்.
ஒரு நிமிடம் முந்தி அடைபடும் கதவு,
ஒரு நிமிடம் பிந்தித் திறக்கும் கதவு.
இரண்டையும் வைத்தவர்கள்
ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

வாளியில் சொட்டு விழுந்தது.
திலின சாம்பல் தளத்துக்குள் போய்
எதையோ தேடினான்.
ஆறு பெட்டி தாண்டி, ஏழாவதில்,
காலை எட்டு என்று போட்டுக் காட்டினான்.
ஏற்றுக்கொண்டது.

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன்.
காரணம், இருநூறு எழுத்துக்குள்.
கொம்பையும் காலையும் அந்தப் பெட்டி
தனித்தனியாக எண்ணியது.
பாதி வாக்கியத்தில் இடம் முடிந்தது.
கண்ணுக்கு நல்ல தளத்தைத்தான்
அவர்கள் எடுப்பார்கள் என்கிறார் நஸ்மியா.
இருக்கலாம்.

பழைய தளத்துக்குள் இன்று நுழைந்து பார்த்தேன்.
பூச்சியம் அப்படியே இருந்தது.
திருத்தம் செய்யும் காலம் முடிந்துவிட்டது என்றது.

அந்தக் கட்டுரையை மட்டும் இறக்கி எடுத்தேன்.
முதல் வரியிலேயே மண் என்பதற்கு
மூன்று சுழி போட்டிருக்கிறாள்,
நல்ல ணகரம்தான், இடம்தான் தவறு.
மிச்சத்தை
மின்சாரம் போவதற்குள் வாசிக்கவேண்டும்.